சுரங்கத்துக்கு வாய்த்த காது

கடல் கடந்து வந்து பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய இருளப்பனுக்கு வாய் கொஞ்சம் நீளம். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தேன் என்று கள்ளுக்கடையில் அவன் அளந்த அளப்பு கொஞ்சநஞ்சமா!

"ஒரு மைல் ஆழம் தம்பி! மேல இருக்குற பாரம் பூரா பக்கச் சுவத்த நெருக்கும். வெடி வைக்காமலே பாறை டமார்னு தெறிக்கும். கூரைக்கு முட்டுக்கொடுத்த மரம் முன்னாடியே முனகும். அதக் கேட்டவன் பொழைப்பான் லா!"

எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த மகாராசன் வேலை பார்த்தது சுரங்க வாசலில் இருந்த டீக்கடையில். கிளாஸ் கழுவும்போது காதில் விழுந்த சங்கதிகள் அவை. உள்ளே எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இருட்டு என்றாலே அவனுக்குக் குலைநடுக்கம். அது அவன் பெண்டாட்டி ராக்காயிக்கு மட்டும் தெரியும்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்தான். வெடிமருந்தைப் பதுக்கக் குன்றைக் குடையச் சொன்னான். கோலார்க்காரன் ஒருத்தன் இருக்கிறான் என்று எவனோ போட்டுக்கொடுக்க, இருளப்பன் சுரங்க ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஆகிவிட்டான். சொன்னது பொய் என்று இப்போது ஒப்புக்கொண்டால் தோலை உரித்துவிடுவார்கள்.

வேறு வழியில்லாமல் கேட்டதையெல்லாம் எடுத்துவிட்டான். கூரைக்குத் தண்டவாளத்தை முட்டுக்கொடுக்காதே, இரும்பு சொல்லாமல் சாயும்; ரப்பர் மரத்தை வை, முனகிச் சொல்லும். வெடி வைத்தால் பாறை அடங்கும்வரை ஒருவரும் உள்ளே போகக்கூடாது. நாலு தென்னை உயரம் இல்லாத குன்றுக்கு ஒரு மைல் ஆழத்துச் சட்டம்! மரவள்ளிக் கிழங்கைத் தின்று துவண்டுகிடந்த ஆட்களோ, கிடைத்த ஓய்வுக்கு அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவன் மட்டும் வாசலைத் தாண்டாமல் நின்று அதிகாரம் செய்தான்.

ஜப்பான் அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் இருளப்பன் முதுகில் துப்பாக்கியால் இடித்து, உள்ளே போ என்றான்.

விளக்கைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவிப் போனான். ஆட்கள் பாறை உடைத்துக்கொண்டிருந்த இடத்தை நெருங்கும்போது எங்கோ 'கிறீச்' என்றது. பல்லி கத்தியிருந்தாலும் அவன் ஓடியிருப்பான்! "ஓடுங்கடா!" என்று அலறிக்கொண்டு அவன் பாய, அண்ணனே ஓடுகிறார் என்று அத்தனை பேரும் பின்னால் ஓடினார்கள். கடைசி ஆள் வெளியே வந்ததும் உள்ளே கூரை சரிந்தது. புழுதி வாசல்வரை வந்து அடித்தது.

"என்னா காதுண்ணே ஒங்களுக்கு!" என்று அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதான், கடைசியாக ஓடிவந்த முனியாண்டி. அதிகாரி ஒரு சிகரெட் நீட்டி, இனி தினமும் நீதான் முதலில் போய்க் கேட்க வேண்டும் என்று உத்தரவு போட்டான்.

"காய்ச்சல்னு சொல்லிரு புள்ள, நான் போகல," என்றான் இருளப்பன் வீட்டுக்கு வந்ததும்.

"சொல்லிர்றேன்," என்றாள் ராக்காயி. "ஆனா முனியாண்டி சம்சாரம் வந்துட்டுப் போச்சு. நீ கேட்டுச் சொல்லாம யாரும் உள்ள போக மாட்டாங்களாம். அடிச்சாலும் வாங்கிக்குவாங்களாம்."

அவன் எழுந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றினான்.

மறுநாள் விடிந்ததும் விளக்கோடு குகை வாசலில் நின்றான். "ஒரு மைல் ஆழமே பாத்தவன், இதெல்லாம் ஒரு குழியாடா!" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு முதல் ஆளாக நுழைந்தான். ஜப்பான்காரன் ஊரைவிட்டுப் போகும்வரை ஒருநாளும் தவறாமல் அப்படித்தான் நுழைந்தான். ஒருவருக்கும் கீறல் விழவில்லை.

கிழவனான பிறகும் அவன் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கியதில்லை. கோலார்ப் பழக்கம் என்று தோட்டத்து லயத்து வீடுகளே சொல்லின. ராக்காயியும் ஆமாம் என்றுதான் சொன்னாள்.