எல்லோருக்கும் முதலிடம்

"தொழில்: இல்லை. இல்லத்தரசி." எகிப்தின் தும்யாத் நகரத்து சஃபினாஸைப் பற்றி அவளுடைய அடையாள அட்டை சொல்வது இவ்வளவே. இணைய நிறுவனத்தின் பதிவில் அந்தப் பெருமையும் கிடையாது. அங்கே சந்தாதாரர் அவள் கணவன் ஃபத்ஹி. "ஒரு குடும்பம், வீட்டு உபயோகம்". ஃபத்ஹி அலமாரிக்கு வார்னிஷ் அடித்தால் அதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். ரவுட்டரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அதன்மேல் தேநீர்க் குவளையை வைக்கக்கூடாது என்பதுதான்.

ஒரு குடும்பம் என்பதும் ஒரு கற்பனை. அந்தக் கட்டடத்தின் சமையலறை ஜன்னல்களெல்லாம் நடுவில் ஒரு கிணறு போன்ற வெற்றிடத்தைப் பார்த்துத் திறக்கும். முதல் மாடி சஃபினாஸின் வீட்டிலிருந்து அதன் வழியே கம்பிகள் ஏறி, ஐந்து வீட்டுக்கும் ஒரே இணைப்பு போகிறது. தும்யாத்காரர்கள் கஞ்சர்கள் என்பது மற்ற எகிப்தியர்களின் பொறாமைப் பேச்சு. ஒன்று போதுமென்கிறபோது ஐந்து எதற்கு என்று கேட்பது கஞ்சத்தனம் ஆகாது.

பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த காலத்தில், மகன் ஷாதியின் இணைய வகுப்பு பாதியில் நின்று நின்று போனதால் சஃபினாஸ் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கக் கற்றாள். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே உயர்வு, நடுத்தரம், தாழ்வு என்று மூன்று நிலைகள் இருந்தன. அமைச்சர்களுக்குக்கூட இவ்வளவு தெளிவான அதிகாரம் கிடையாது. மகனுக்காக அவள் தன் வீட்டை உயர்வில் வைத்தாள். வகுப்பு ஓடியது. செய்தி வெற்றிடத்தின் வழியே மேலே ஏறியது.

பிறகு தட்டுகள் இறங்கத் தொடங்கின. மேல்மாடி ஹாஜி தர்தீரி வெங்காயம் அடைத்த வாத்து அனுப்பினார். கால்பந்தாட்டம் திக்காமல் வரவேண்டும் என்பது வேண்டுகோள். இன்னொரு வீட்டிலிருந்து பால்சோறு, இன்னொரு வீட்டிலிருந்து திராட்சை இலையில் சுருட்டிய சோறு. அண்டைவீட்டார் கேட்டால் "என் கண்ணுக்கு மேல" என்றுதான் அந்த ஊரில் பதில் சொல்லவேண்டும். முடியாது என்பது பதிலே அல்ல. ஒவ்வொருவரிடமும் சஃபினாஸ், "என் கண்ணுக்கு மேல, நீங்கதான் முதல்ல" என்றாள். இதை மரியாதைக்குச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவளோ பொய் சொல்லத் தெரியாதவள். சொன்ன கையோடு போய் அந்த வீட்டை உயர்வில் வைத்துவிட்டு, தட்டில் எதையாவது நிரப்பித் திருப்பி அனுப்புவாள்.

அடுத்த மாடியில் ருஷ்தியும் அவன் அக்கா இன்ஷிராவும் இருந்தார்கள். ருஷ்திக்குப் பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. பட்டறையில் அறுவை இயந்திரம் அலறும் இடத்தில் நாள் முழுக்க நிம்மதியாக வேலை செய்கிற ஒரே ஆள். இணையத்தில் காது கேளாதோர் கூடும் இடமொன்றில் நிஹாத் என்ற பெண்ணைப் பழக்கமாக்கிக்கொண்டான். அவளும் அப்படியே. குடும்பத்தோடு குவைத்தில் இருந்தாள். அவள் தகப்பனார் ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையைத் திரையில் பார்க்க ஒப்புக்கொண்டார். ருஷ்தி கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கைகளை உயர்த்தினான். கை உயர்ந்தபடியே படம் உறைந்துவிட்டது. மறுபடி வந்தது, மறுபடி உறைந்தது. மற்றவர்கள் என்றால் "ஹலோ ஹலோ" என்று கத்தியாவது ஒப்பேற்றலாம். அவனுக்குப் படம் போனால் பேச்சே போனது மாதிரி. தகப்பனார், "அடுத்த வெள்ளி ஒரு தடவ பாக்கலாம். அதுலயும் இப்படின்னா விட்டுடலாம்" என்று இன்ஷிராவிடம் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார்.

மறுநாள் இன்ஷிரா இறங்கி வந்தாள். சண்டைக்கு அல்ல. கையில் மஷப்பக், நம் ஜாங்கிரிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. ஊர் வழக்கப்படி சஃபினாஸை மகன் பெயரால், ஷாதியின் அம்மா என்று அழைத்தாள்.

"உம்மு ஷாதி, இத வாங்கிக்க. நேத்து நீ எங்களத்தான் முதல்ல வச்சிருந்தேன்னு எனக்குத் தெரியும். நீ இருந்தும் கைகூடலன்னா அது எங்க நசீபு. உன் கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது."

அவள் திட்டியிருந்தால் சஃபினாஸ் தாங்கியிருப்பாள். நன்றியைத் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள். உயர்வு, உயர்வு, உயர்வு, உயர்வு, உயர்வு. அவள் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லோரையும் முதலில் வைத்திருந்தாள், ஆகவே ஒருவரும் முதலில் இல்லை.

அடுத்த வெள்ளியன்று பெரிய ஆட்டம் இருந்தது. ருஷ்தி வீடு தவிர மற்ற நான்கும் அதைப் பார்க்கும். சஃபினாஸ் யாருக்கும் தெரியாமல் நிலைகளை மாற்றியிருக்கலாம். ஆனால் அவள் படியேறி ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொண்டே போனாள். மற்ற வீடுகளில் முகம் சுளித்ததோடு முடிந்தது. ஹாஜி தர்தீரிதான் விடவில்லை.

"என்னம்மா இது? நான்தான் முதல்லன்னு நீ சொல்லல?"

"சொன்னேன் ஹாஜி. எல்லார்கிட்டயும் அதையேதான் சொன்னேன்."

"எல்லார்கிட்டயுமா? அப்ப என் வாத்து?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

"ஆட்டத்த நான் எப்படிம்மா பாக்குறது?"

"ரேடியோவுல கேளுங்க. உங்களுக்குக் காது இருக்குல்ல ஹாஜி."

கிழவர், "ரேடியோவுக்கு பேட்டரி இருக்கான்னு பாக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

ஆட்டம் தொடங்கியது. ஃபத்ஹியின் திரையில் பந்து நடுவானில் தொங்கியது.

"சஃபினாஸ்! நம்ம வீட்டுலயே இப்படியா? ரவுட்டர் நம்மளோடது!"

"அதனாலதான் நம்மளையும் கீழ போட்டிருக்கேன். வீட்டுக்காரங்க கடைசியிலதான சாப்பிடுவாங்க?"

அவன் நின்றுபோன பந்தையே வெறித்துக்கொண்டிருந்தான்.

சஃபினாஸ் சமையலறை ஜன்னலில் நின்று காதைத் தீட்டினாள். அதிலொரு சங்கடம் இருந்தது. ருஷ்தியின் பேச்சு நன்றாக நடந்தாலும் சத்தம் வராது, நடக்காவிட்டாலும் வராது. மேலே ஹாஜியின் ரேடியோ மட்டும் கரகரத்தது. அவள் துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

திடீரென்று இன்ஷிராவின் குலவை வெற்றிடத்தை நிரப்பியது. மேலிருந்து ஹாஜியின் தலை எட்டிப் பார்த்தது.

"யாரு கோல் போட்டது? ரேடியோவுல ஒண்ணும் சொல்லலியே!"

"நம்ம ருஷ்தி!" என்று கத்தினாள் இன்ஷிரா. "பொண்ணோட அப்பா சரின்னுட்டாரு! ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணியாச்சு! இவன் சொன்ன ஒரு வார்த்தகூட விட்டுப்போகல!"

ஹாஜி தலையை இழுத்துக்கொண்டு, ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவரும் ஃபாத்திஹா ஓதினார்.

ருஷ்தி கோட்டைக் கழற்றாமலே இறங்கி வந்தான். வாசலில் நின்று வேகமாகக் கைகளால் ஏதேதோ சொன்னான். சஃபினாஸுக்குச் சைகை தெரியாது. அவன் அதைப் புரிந்துகொண்டு, அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததைச் செய்தான்: தன் உள்ளங்கையை முத்தமிட்டு, கையைத் திருப்பிப் புறங்கையையும் முத்தமிட்டான். இறைவனுக்கு நன்றி சொல்கிற சைகை அது. பிறகு அவளைச் சுட்டிக்காட்டி, மரியாதைக்கு அடையாளமாகக் கையைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான்.

அவள் செய்தது இதுதான். ருஷ்தியின் வீட்டை உயர்வில் விட்டாள். மற்ற நான்கு வீடுகளையும், தன் வீடு உட்பட, தாழ்வுக்கு இறக்கினாள். இறக்கப்போவதாக, ஃபத்ஹி தவிர மற்றவர்களின் முகத்தைப் பார்த்து முன்பே சொன்னாள்.