குளச்சலில் கிடைத்த கேசட்

கிளாரினெட்டும் பியானோவும் சேர்ந்த இசையைத் தேடிப் பிடிப்பதில் இந்த மாவட்டத்தில் எனக்கு ஈடு கிடையாது. இணையத்தில்கூட அகப்படாத ஒரு சொனாட்டாவின் கேசட் குளச்சலில் தெரிந்த அக்கா வீட்டில் இருப்பதை சென்ற மாதம் மோப்பம் பிடித்தேன். வளைகுடாவில் வேலை பார்த்த அவர் கணவர் ஒரு லீவில் கொண்டுவந்தது.

அங்கேயே போட்டுக் கேட்டோம். முதல் பாகம் அப்பழுக்கில்லாமல் ஓடியது. மெதுவான இரண்டாம் பாகம் தொடங்கியதும் இசை அறுந்து, அக்காவின் இளவயதுக் குரல் வந்தது. கூரை ஒழுகுகிறது, பிள்ளைக்குக் காய்ச்சல், அடுத்த லீவு எப்போது? திரும்பிப்போன கணவருக்கு அதிலேயே பேசிப் பதிந்து அனுப்பிய கடிதம்; அடுத்த லீவில் அவரோடு வீடு திரும்பியிருக்கிறது.

“வேற கேசட்டே கிடைக்கல்லியாக்கா?” என்று சீறினேன்.

“வேற நெறைய கிடந்து மக்கா. இதுல ரெண்டாவது பாட்டு ஒரே அழுகை. அழுவதுக்கு நான் ஒருத்தி போராதாண்ணுதான் அதுக்க மேல பேசினேன்.”