வியாழக்கிழமைத் தேன்பெட்டி

மேல்மாடியில் யாரோ சர்க்கரைப் பாகு காய்ச்சுகிறார்கள். எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

பினாங்கில் எனக்கு ஒன்பது வயதானபோது, அப்பா கொல்லையில் ஒரு தேன்பெட்டி வைத்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மிட்டாய் போடும் காதர் மாமாவின் வீடு. வியாழக்கிழமைதோறும் அவர் பாகு காய்ச்சுவார். எங்கள் தேனீக்கள் அதில் விழுந்து மிதக்கும். சண்டை முற்றியபோது தெருக்காரர்கள் சமாதானம் செய்தார்கள்: வியாழன் விடியுமுன் அப்பா பெட்டியின் வாயைக் கந்தையால் அடைக்க வேண்டும், வேலை முடிந்ததும் மாமா குரல் கொடுக்க, அப்பா திறக்க வேண்டும்.

ஒரு வருஷம் ஒழுங்காக நடந்தது. பிறகு வேலியோர ரம்புத்தான் மரத்துக்காக இருவருக்கும் பேச்சு நின்றது. அடுத்த வியாழனும் அப்பா அடைத்தார். மதியமே மாமாவின் அடுப்பு அணைந்துவிட்டது. குரல் வரவில்லை. வெயிலில் பெட்டிக்குள் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது.

"தொறந்துடட்டுமாப்பா?"

"அவரு சொல்லட்டும்லா. பேச்சுன்னா பேச்சு."

சாயங்காலம் இரைச்சல் அடங்கியது. அதன்பிறகுதான் மாமா வேலியருகே வந்தார்.

"ஏன் அண்ணே இன்னும் தொறக்கல?"

"நீங்க சொல்லலையே, பாய்."

"அடுப்பு அணஞ்சது தெரியலையா?"

"தெரிஞ்சுது," என்றார் அப்பா.

கந்தையை இழுத்ததும் சூடான தேன் ஒழுகியது. ஒரு தேனீகூட வெளியே வரவில்லை. மறுநாளிலிருந்து இருவரும் பழையபடி பேசிக்கொண்டார்கள்.

பெட்டி இரைந்துகொண்டிருந்த அந்த மதியம் அப்பா ஒரு மணி நேரம் தூங்கினார். பெட்டியின் வாய் எனக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது.