கோழித்தூக்கக்காரர்

கடைசி நிறுத்தத்தில் பயணிகள் எல்லோரும் இறங்கியதும் ஓட்டுநர் செருப்பைக் கழற்றுவார். பேருந்தின் பின்பக்கம் இருக்கும் நீள இருக்கைக்குப் போய்க் காலை மடக்கிப் படுத்து, துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொள்வார். துண்டு ஒரே சீராக ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டால் ஆள் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். நடத்துநர் நேரக்காப்பாளரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு டீயும் குடித்துவிட்டு வரும்வரைதான் அந்தத் தூக்கம்.

"அண்ணே, எடுக்கலாமா?"

இந்தக் குரலுக்கு மட்டும் எழுந்துகொள்வார். பக்கத்து வண்டி ஹாரனை அலறவிட்டாலும் அசைய மாட்டார். எழுந்து பாட்டில் தண்ணீரில் முகம் கழுவி, தலையை ஒரு உதறு உதறிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினால், அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி இருப்பார். அடுத்த நடைக்கு ஒரு குலுக்கல் இல்லாமல் வண்டி போகும்.

நடத்துநர் ஒரு பெண். வாய் ஓயாதவர். கோழித்தூக்கக்காரர் என்று ஓட்டுநருக்குப் பெயர் வைத்ததே அந்தம்மாள்தான்.

"எங்க வீட்டுல ஒருத்தர் விடிய விடியத் தூங்கிட்டு, காலையில எந்திரிச்சதும் அலுப்பா இருக்குன்னு உக்காருவாரு. நீங்க கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள புது ஆளா ஆயிடுறீங்களே, எப்படிண்ணே?"

"வேற வழி இல்லம்மா," என்பார் அவர். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

உண்மையிலேயே வேறு வழி இருக்கவில்லை. அவர் மனைவிக்கு இருதயம் பலவீனப்பட்டு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. படுத்தால் மூச்சு அடைக்கும். தலையணைகளை அடுக்கிச் சாய்த்துப் பார்த்தார்கள். கண்ணயர்ந்ததும் சரிந்து விழுந்து, திணறிக்கொண்டு எழுவார். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் வீங்கியது. கடைசியில் ஓட்டுநரேதான் ஒரு யோசனை கண்டுபிடித்தார். கட்டிலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, மனைவியைத் தன் முதுகில் முதுகு சாய்த்து உட்காரச் சொன்னார். சாய்ந்த கொஞ்ச நேரத்தில் அந்தம்மாள் தூங்கிப்போனார். அன்றிலிருந்து எல்லா இரவும் அப்படித்தான். இவர் தூங்கக் கூடாது. தூங்கினால் இவர் முன்னால் சரிவார், மனைவி பின்னால் விழுவார். அதனால் சுவரைப் பார்த்தபடி முழித்துக்கொண்டிருப்பார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. மாற்றி உட்கார ஆள் கிடையாது.

இரவில் விட்டதைத்தான் பகலில் துண்டு துண்டாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தத் துண்டுத் தூக்கங்கள் இருந்தவரை அவர் ஓட்டிய வண்டி எதன் மீதும் உரசியதில்லை.

ஒரு நாள் சீக்கிரமே வந்து இடம் பிடிக்க ஏறிய பயணி ஒருவர், பின்னிருக்கையில் ஓட்டுநர் தூங்குவதைக் கைபேசியில் படம் எடுத்து, 'இவரை நம்பித்தான் ஏறுகிறோம்' என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். சாயங்காலத்துக்குள் அது பணிமனை மேலாளரின் கைக்கு வந்துவிட்டது. மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். வண்டி நின்றிருந்த நேரம், பயணிகள் இல்லாத நேரம் என்பதை மட்டும் ஓட்டுநர் சொன்னார். வீட்டு விஷயத்தைச் சொல்லவில்லை.

நடத்துநருக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாரத்துக்கு அவரை வண்டி கழுவும் கொட்டகைக்கு மாற்றியதும், நேராக மேலாளர் அறைக்குப் போய், அவர் தெருக்காரர்கள் மூலம் தனக்குத் தெரியவந்திருந்த வீட்டு விஷயத்தையெல்லாம் கொட்டிவிட்டார். மேலாளர் பேனாவை மூடி வைத்தார்.

"நீ நல்லதுக்குத்தாம்மா சொல்ற. ஆனா ராத்திரி பூரா முழிச்சிருக்கிற மனுஷன எப்படி நான் வண்டியில ஏத்தறது? தெரியாத வரைக்கும் சரி. இப்பத் தெரிஞ்சு போச்சே."

ஒரு வாரம் என்றது, வீட்டு நிலைமை சரியாகும்வரை என்று ஆனது. நடத்துநர் தலையில் கை வைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கலாம் என்று ஓட்டுநர் வீட்டுக்குப் போனபோது அவர் இல்லை, மனைவி மட்டும் இருந்தார். அவருக்கு எதுவுமே தெரியாது என்பது இவர் பேசி முடித்த பிறகுதான் விளங்கியது. அதுவரை தன் கணவர் தினமும் வண்டிதான் ஓட்டுகிறார் என்று அந்தம்மாள் நினைத்துக்கொண்டிருந்தார். பகலில் எப்படித் தூங்குகிறார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டீ போடட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சில நாட்களில் மனைவிக்கு உடம்பு தேறிவிட்டது. அவரே சொன்னார்.

"மாத்திரை மாத்திக் குடுத்தாரே டாக்டர், அது வேலை செய்யுதுங்க. நேத்து நல்லாப் படுக்க முடிஞ்சுது. நீங்க முன்ரூமுல படுங்க. உங்க குறட்டையில எனக்குத் தூக்கம் கெடுது."

"நான் எங்க தூங்கினேன், குறட்டை விட?"

"இனிமே விடுவீங்கல்ல."

அவருக்கு நம்பிக்கை வந்தது, ஆசைதான் அதற்குக் காரணம். அன்று படுத்தவர் அடித்துப் போட்டது போலத் தூங்கினார். மறுநாளும் அப்படித்தான். முகத்தில் ரத்தம் ஊறியது. பணிமனை மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகு மறுபடி வண்டி கிடைத்தது. கடைசி நிறுத்தத்தில் அவரும் இறங்கி நடத்துநரோடு டீ குடிக்க ஆரம்பித்தார்.

ஒரு பகலில் வண்டி பழுதாகி நின்றதால் சீக்கிரம் வீடு திரும்பினார். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. சமையலறையில் மனைவி முக்காலியில் உட்கார்ந்து, மேடையின் மேல் துணியை மடித்து வைத்து, அதில் தலை கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அலாரக் கடிகாரம். கன்னத்தில் துணியின் மடிப்பு பதிந்திருந்தது. கால்கள் இரண்டும் பணியாரம் போல வீங்கியிருந்தன. அவர் கூப்பிடவில்லை, வாசலிலேயே நின்றார். அலாரம் அடித்ததும் மனைவி தலையைத் தூக்கினார். அவரைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார்.

"ராத்திரியும் இங்கதானா?" என்று அவர் கேட்டார்.

"உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். கொஞ்சங் கொஞ்சமாத் தூங்கினாலும் தெம்பாத்தாங்க இருக்கு."

"எனக்கு எதுக்கு அந்த வண்டி?"

"நீங்க தூங்கறதை எத்தனையோ வருஷங் கழிச்சு இப்பத்தான் பாத்தேன். குழந்தை மாதிரி வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குறீங்க. எழுந்து வந்து பாத்துட்டுப் போவேன். அது நல்லாத்தான் இருந்துச்சு."

அன்று இரவே அவர் பழையபடி கட்டிலின் நடுவில் போய் உட்கார்ந்தார். மறுநாள் நடத்துநரிடம் விஷயத்தைச் சொல்ல, அந்தம்மாள் டீயைக் குடிக்காமல் படியில் நின்று காவல் காத்தார். ஏற வந்தவர்களை, "வண்டி எடுக்க நேரம் இருக்கு, கீழேயே நில்லுங்க" என்று தடுத்தார். இந்த முறை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆனால் மனைவிக்கு நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. விடுமுறை நாள் ஒன்றில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கொஞ்சம் சாய்ந்துகொள்ளவேண்டும் போல இருக்கிறது என்றார். அவர் கட்டிலில் ஏறி முதுகைக் கொடுத்தார். சன்னலில் காற்று நன்றாக வந்தது. எதிர்வீட்டில் துணி உலர்த்துகிறவர்களைப் பற்றி மனைவி ஏதோ கேலி பேசினார். இவரும் சிரித்தார். பிறகு பேச்சு நின்றது. முதுகில் அந்த மூச்சு வந்து போவதைக் கவனித்துக்கொண்டிருந்தவர், எப்போது என்று தெரியாமல் கண்ணயர்ந்துவிட்டார்.

விழித்தபோது இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி விழாமல்தான் இருந்தார்கள். முதுகு சூடாக இருந்தது. மூச்சு மட்டும் இல்லை.

முழித்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். நடத்துநரும் சொன்னார். அவர் யாரோடும் வாதாடவில்லை. "நான் தூங்கிட்டேன்மா" என்று மட்டும் நடத்துநரிடம் சொன்னார்.

வேலைக்குத் திரும்பியவர் கடைசி நிறுத்தத்தில் பின்னிருக்கைக்குப் போவதில்லை. செருப்புக்கூடக் கழற்றாமல், வெயிலில் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். வீட்டிலும் தூக்கம் இல்லை. ஒரு வளைவில், சாலையைக் கடந்த மிதிவண்டிக்காரர் கண்ணில் படவேண்டிய நேரத்தில் படவில்லை. நடத்துநர் விசிலை ஊதிய ஊதலில் வண்டி மிதிவண்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. மிதிவண்டிக்காரர் திட்டிவிட்டுப் போனார். யாரும் புகார் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவராகவே மேலாளர் அறைக்குப் போனார்.

"சார், என்னை வண்டியில உக்கார வைக்காதீங்க."

"இன்னும் கொஞ்ச நாள் லீவு போட்டுப் பாருங்களேன். சரியாயிடும்."

"சரியாகாது சார். எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல."

மேலாளர் எழுந்து வந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு பேருந்து நிலையத்தின் அறிவிப்புக் கூண்டில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்லும் வேலை. அவருடைய குரல் மெதுவாக, தெளிவாக இருந்தது. வயதானவர்கள் கூண்டுக்கு அருகில் வந்து இரண்டாம் தடவை கேட்டாலும் அலுத்துக்கொள்ளாமல் சொன்னார்.

வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போவது நடத்துநரின் வண்டியில்தான். இப்போது அதை வேறொருவர் ஓட்டுகிறார். கூட்டம் இறங்கி இருக்கைகள் காலியான பிறகும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவார்.

"உக்காருங்கண்ணே, இடம் இருக்கே," என்பார் நடத்துநர்.

"இருக்கட்டும்மா," என்பார் அவர்.