குள்ளர் வீட்டுக் கை

காவலூரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. குள்ளன். நான் அப்படியொன்றும் குட்டையில்லை. வகுப்பில் என்னைவிடக் குட்டையானவர்கள் இருந்தார்கள், அவர்களும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒன்பது வயதில் ஒட்டிய பெயர் மீசை அரும்பிய பிறகும் உதிரவில்லை. ஆலங்காயத்திலிருந்து பேருந்து மலையேறி, கடைசி வளைவில் சாமைக் காடுகளும் அவற்றுக்கு மேலே வெள்ளைக் கும்மட்டமும் தெரிகிற இடத்தில், யாராவது ஒருவர் பின்னிருக்கையிலிருந்து அதைச் சொல்லிவிடுவார்கள். மலைக்காற்று முகத்தில் படும் முன்னே பெயர் வந்து படும்.

அந்தக் கும்மட்டத்துக்குள் இருந்த தொலைநோக்கியால்தான் நாங்கள் மலைக்காரர்கள் ஆனோம். அப்பா அங்கே ஜீப் ஓட்டினார். நட்சத்திரம் பார்க்க வருகிறவர்களை ஏற்றுவார், இறக்குவார். தான் ஒருநாளாவது அதில் கண் வைத்துப் பார்த்ததாக அவர் சொல்லிக் கேட்டதில்லை.

மலையில் எனக்குக் கிடைத்த முதல் ஆள் சடையன். புளியமரங்களுக்கு நடுவே அவன் வீடு. அவனும் அம்மாவும் மட்டும். அப்பா குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மலையில் பாதி அப்பாக்கள் அப்படிப் போனவர்கள்தான் என்பதால் யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. இன்னொருவன் ரஹீம், வாணியம்பாடிக்காரன். அவன் அப்பா தோல் பதனிடுகிறவர்களுக்காகக் கடுக்காய் வாங்க வருவார். வந்தால் வாரக்கணக்கில் தங்குவார். ரஹீம் வந்தால் மலைக்கே வாய் முளைத்த மாதிரி இருக்கும்.

மேற்குச் சரிவில், யாரும் ஏர் பிடிக்காத ஒரு மேட்டில், குள்ளர் வீடு இருந்தது. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லைப் படுக்கவைத்த வீடு. முன்கல்லில் ஒரு தலை நுழையும் அளவுக்கு வட்டமாகத் துளை. பின்பக்கம் ஒரு கல் சாய்ந்து, அந்த இடைவெளியை முள் அடைத்திருந்தது. முழங்கால் உயர மனிதர்கள் ஒரு காலத்தில் அங்கே குடியிருந்தார்கள், இன்னமும் இருக்கிறார்கள், நம் கண்ணுக்குத்தான் படமாட்டார்கள் என்பது மலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சாமை அறுத்து முதல் சோறு பொங்கியதும், ஓர் உருண்டையை இலையில் வைத்துத் துளையருகே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட வேண்டும். மறுநாள் இலை காலியாக இருக்கும். நரி தின்றிருக்கும் என்று அப்பா சொன்னபோது மலைக்காரர்கள் அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள், வெள்ளந்தியான ஆள் என்பதுபோல.

சடையன் வீட்டில் இந்த வேலையை அவன் அம்மாதான் செய்வாள். அவனைக் கூட்டிப் போகவே மாட்டாள். அந்த வருடம் அவள் காய்ச்சலில் சுருண்டுவிட்டாள். சில நாட்களாக எழுந்திருக்கவே இல்லை. புதுச்சோறு பொங்கிக் கொடுத்தது பக்கத்து வீட்டு அத்தை. அம்மா தூங்கும் நேரம் பார்த்து சடையன் உருண்டையை எடுத்துக்கொண்டான். நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம், திரும்பிப் பார்ப்பது என்ற முடிவோடு.

மேட்டுக்கு அடியிலேயே ரஹீம் நின்றுவிட்டான். குள்ளர் வந்தால் தகவல் சொல்ல ஓர் ஆள் உயிரோடு வேண்டும் என்றான். நானும் சடையனும் ஏறினோம். பட்டப்பகல். தும்பிகள் பறந்துகொண்டிருந்தன. சடையன் இலையை இரண்டு கையாலும் ஏந்தி, துளைக்கு நேராக முகத்தை வைத்து, அம்மா சொல்லிப் பழகியதைப் பாட்டு மாதிரி சொன்னான்.

"சாமி, புதுச்சோறு கொண்டாந்துக்கீறேன். எடுத்துக்க."

உள்ளே ஏதோ அசைந்தது. பிறகு கை வந்தது.

இத்தனை வருடங்களில் எத்தனையோ மறந்துவிட்டேன். முதல் வேலையின் மேலதிகாரி முகம் மறந்துவிட்டது. அந்தக் கை மறக்கவில்லை. மணிக்கட்டு பெரிய ஆளுடையது. விரல்கள்தான் சின்னவை, பாதியிலேயே முடிந்து, நகமில்லாமல், ஓடையில் உருண்டு மழுங்கிய கூழாங்கற்கள் மாதிரி இருந்தன. கை சோற்றை எடுக்கவில்லை. இலையைத் தாண்டி வந்து சடையனின் கன்னத்தைத் தொட்டது. தொட்டு, அங்கேயே நின்றது.

அதற்குமேல் நான் பார்க்கவில்லை. முள்ளில் சட்டை கிழிய ஓடி வந்து ரஹீம் மேல் விழுந்தேன். சடையன் வெகுநேரம் கழித்து இறங்கி வந்தான். ஓடவில்லை, கோயிலிலிருந்து வருகிறவன் மாதிரி நடந்து வந்தான். கையில் இலை இல்லை.

"இன்னாடா பாத்த?" என்று ரஹீம் அவனைப் பிடித்து உலுக்கினான்.

"ஒண்ணும் இல்ல. இவன் நெழலப் பாத்து ஓட்றான்."

நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். மணிக்கட்டிலிருந்து நகமில்லாத நுனிவரை சொன்னேன். ஆசிரியர் சடையனை எழுப்பிக் கேட்டார். அவன் என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, பொய் சொல்றான் சார் என்றான். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு எனக்கு அந்தப் பெயர் பிறந்தது.

வீட்டில் அம்மா திருநீறு பூசி, தலையைச் சுற்றி மிளகாய் போட்டாள். அப்பா சிரிக்கவில்லை. என்னை ஜீப்பில் பக்கத்தில் உட்காரவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டார்: விரல் எதுவரைக்கும் இருந்தது? கை சடையனை மட்டும்தான் தொட்டதா? உலகத்தில் என்னை நம்பிய ஒரே ஆள் என்று எனக்குக் கர்வம். இனி அந்தப் பக்கம் போகாதே என்றார், அவ்வளவுதான். அடுத்து வந்த ஒரு விடியற்காலையில் ஜீப்பில் ஏதோ கோளாறு என்று வேலூர்வரை போய்விட்டு, வெயிலேறித் திரும்பினார். வந்ததும் ஜீப்பைக் கழுவாமல் முன்சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டார். குள்ளரை நம்புகிற அப்பா குள்ளரைப் பற்றி அதற்குப் பிறகு பேசவே இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

நானும் சடையனும் பேச்சை விட்டோம். ஓடையில் அவன் இந்தக் கரை, நான் அந்தக் கரை. பிறகு என்னை ஆலங்காயத்தில் சித்தி வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார்கள். விடுமுறைக்கு மட்டும் மலை. விடுமுறைக்கு மட்டும் குள்ளன்.

பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் ரஹீம் வந்தான். கடுக்காயோடு புளியும் சேர்த்து வாங்க ஆரம்பித்திருந்தார் அவன் அப்பா. லாரியில் பாதி முதலாளியாக இவன் உட்கார்ந்திருந்தான். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, தாலி திருப்பிக் கொடுத்த வீட்டுக்காரங்க மாதிரி இன்னாடா இது என்றான். புளி உலுக்க ஆள் வேண்டும் என்று சடையனைக் கூப்பிட்டு, கடைசியில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது மேற்குச் சரிவில். சடையன் அப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். இடுப்பில் கொடுவாள். எனக்கு அவனிடமிருந்து வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஆமாம், நானும் பார்த்தேன் என்ற ஒரு வார்த்தை. அது கிடைத்தால் பழையபடி அவனோடு ஓடையில் இறங்கிவிடுவேன். கிடைக்காவிட்டால் அவன் முகத்தில் இனி விழிப்பதில்லை.

வீடு அப்படியே இருந்தது, கொஞ்சம் சிறுத்துப்போய். பின்பக்க முள்ளைக் காணோம். நான் துளைக்குள் கையை விட்டேன். பயம்தான், ஆனால் பயத்தைவிட ரோஷம் பெரியதாக இருந்த வயது. குளிர்ந்த மண். சருகு. பிறகு ஏதோ உலோகம். இழுத்தபோது ஓர் அலுமினியக் குவளை வந்தது. காதுப்பிடியில் பழந்துணியைத் தடிமனாகச் சுற்றி, நாரால் கட்டியிருந்தது.

"அரே, குள்ளருக்கு டீ கூட கேக்குதா?" என்றான் ரஹீம். "சூடு பொறுக்காத குள்ளரு போல."

சடையன் சிரிக்கவில்லை. குவளையை என்னிடமிருந்து வாங்கி, துண்டால் உள்ளும் புறமும் துடைத்தான். கல்லின் மேல் உட்கார்ந்தான். கீழே பள்ளத்தாக்கில் யாரோ மாட்டைக் கூப்பிடும் குரல் கேட்டது, நின்றது.

"அன்னிக்கு நீ பாத்தது நெசம்டா," என்றான். "நானும்தான் பாத்தேன்."

"இன்னாத்த?"

"கைய."

"யாரு கை?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அத்தனை வருடங்களுக்குப் பிறகு நேராகப் பார்த்தது அப்போதுதான். "குள்ளரு கைதான். இன்னா, இப்ப சந்தோசமா?"

சந்தோஷம்தான். நின்ற இடத்திலேயே குதித்தேன். ரஹீம், ரெண்டு பேருக்கும் கிறுக்கு என்று தீர்ப்பு சொன்னான். சடையன் அதோடு விடவில்லை. திரும்பும் வழியில் டீக்கடையில் பத்துப் பேர் நடுவே, இவன் அன்றைக்குச் சொன்னது மெய், நான்தான் மறைத்தேன் என்று தானாகவே சொன்னான். அன்று மாலை மூன்று பேரும் ஓடையில் விரல் ஊறும்வரை கிடந்தோம். வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே மல்லாந்து மிதந்தேன். சடையன் குவளையைத் துண்டில் முடிந்து கரையில், கண்ணில் படும் இடத்தில் வைத்திருந்தான்.

எண்பதுகளின் நடுவில் சடையனுக்குக் கல்யாணம். என் அப்பா அப்போது உயிரோடு இல்லை. நான் வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பந்தலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் சில நாற்காலிகள் காலி. சடையன் என் தோளில் கைபோட்டு அழைத்துப் போனான்.

"எங்க நாயனா," என்றான்.

குடகிலிருந்தா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் டீயைக் கீழே வைத்தார். குவளையின் பிடியில் துணி சுற்றியிருந்தது. புதுத்துணி, கல்யாணத்துக்காக மாற்றியிருக்க வேண்டும். கையை நீட்டினார். பாதியில் முடிந்த விரல்கள்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கூழாங்கல் மாதிரி இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

தொழுநோய் என்று தெரிந்தால் ஊர் குடும்பத்தையே விலக்கி வைத்துவிடும். அதனால் குடகு என்று சொல்லிவிட்டுக் கல்லுக்குள் இருந்திருக்கிறார், மனைவி மட்டும் விறகுக்குப் போகிற சாக்கில் சோறு கொண்டுவர. வேலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் குணமாகி, அங்கேயே தோட்டவேலை பார்த்துவிட்டு இப்போதுதான் ஊருக்குள் வந்திருக்கிறார். இதையெல்லாம் சாமை விலை சொல்வதுபோலச் சொன்னார். பிறகு குரல் மாறியது.

"உங்க அப்பாருதான் தம்பி என்னைக் கீழ கொண்டுபோய்ச் சேத்தாரு. பின்னால ஏறிக்கிறேன்னு சொன்னேன். கேக்கல. முன்சீட்டுல பக்கத்துல ஒக்கார வெச்சிக்கினாரு."

நான் சடையனைப் பார்த்தேன். அன்றைக்கு ஏண்டா குள்ளர் என்று சொன்னாய் என்று மெல்லக் கேட்டேன். "நீ கேட்டது அதானேடா," என்றான், மாலையைச் சரிசெய்துகொண்டே.

அவர் சிரித்தார். "ஓடுனது நீதானா? பயந்துட்ட போல."

எத்தனையோ வருடமாக எனக்குள் ஒரு கேள்வி மட்டும் தீராமல் இருந்தது. இப்போது அது இன்னும் பெரிதானது: இவன் அம்மா காய்ச்சலில் கிடந்த நாட்களில் அவர் பட்டினியாக இருந்திருப்பார். சோறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார். "இவங் கொரலு கேட்டுச்சே," என்றார்.

நாதஸ்வரக்காரர் ஏதோ வாசிக்க ஆரம்பித்தார். காலியாக இருந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே வெள்ளைக் கும்மட்டம் வெயிலில் பளபளத்தது. மணிக்கட்டு, விரல், கன்னம்: ஒன்பது வயதில் நான் பார்த்தது எதுவும் தப்பில்லை, சொன்னதிலும் பொய்யில்லை. ஒரு தகப்பன் தன் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டதை ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, குள்ளரைக் கண்டேன் என்று மலையெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.