பாஸின் மேல் வைத்த பொட்டு

வாடகை மோட்டார்த் தொழிலில் வண்டி ஓட்டுவது பெரிய வித்தையில்லை. மறிக்கிற இடத்தில் எந்தத் தாளை நீட்டுவது, எதற்குக் காசு கொடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அதுதான் தொழில். கடல் தாண்டிப் பிழைக்கப் போய், புரியாத எழுத்தைப் பார்த்துப் புரிந்த மாதிரி தலையாட்டியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களிடம் என்பதால்தான் இதைச் சொல்லவே வாய் வருகிறது.

ஜெர்மன் சண்டை முடிந்த சில வருஷத்தில், கும்பகோணம் பக்கம் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த நான் ரங்கூனுக்குக் கப்பலேறினேன். அங்கே லத்தாப் பேட்டையில் இரண்டு மோட்டார் வைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த மரைக்காயர் என்னை ஒரே கேள்விதான் கேட்டார். "இங்கிலீஷ் படிப்பியா?" ஊர் எல்லையைத் தாண்டினால் பாஸ், பாலத்துக்குச் சீட்டு, எல்லாம் இங்கிலீஷிலும் பர்மா பாஷையிலும்தான் இருக்கும், படிக்கத் தெரியாத டிரைவரை வைத்து ஒரு தடவை பட்டுவிட்டேன் என்றார். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். "படிப்பேனுங்க" என்றேன். லைசென்ஸ் மனுவை எல்லாருக்கும்போல ஆபீஸ் வாசலில் இருந்த மனு எழுதுகிறவர் எழுதிக் கொடுத்தார், தப்பித்தேன். பொய் வெளியே வந்தால் வேலை போகும், ஊருக்குத் திரும்பி எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? அந்தப் பயம் தினமும் என்னோடு வண்டியில் ஏறி உட்காரும்.

கேட்டுக்காரருக்குத் தட்சிணை

நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் சாவடி உண்டு. கட்டை குறுக்கே கிடக்கும், காசை நீட்டினால் தூக்குவார்கள். இன்செயின் ரோட்டில் முதல் நாளே அப்படி ஒரு கட்டை கிடந்தது. இறங்கிப்போய்ச் சலாம் போட்டு இரண்டணாவை நீட்டினேன். கேட்டுக்காரர் நம்மூர் ஆள்தான், வேலூர்ப் பக்கம். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கட்டை மேலே ஏறிற்று. ஒரு மாசம் இப்படியே போயிற்று. சில நாள் கட்டை மேலேயே நிற்கும்; அப்போதும் வண்டியை நிறுத்திக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். நடுவில் ரயில் ஒன்று போவதைப் பார்த்திருக்கிறேன், பார்க்காமல் இல்லை. அதற்கும் கட்டைக்கும் முடிச்சுப் போடத்தான் புத்தி போகவில்லை.

எங்கள் இன்னொரு வண்டியை ஓட்டிய கோ பாத்தின் ஒருநாள் கூட வந்தார். பர்மாக்காரர், ஸ்டாண்டிலேயே தமிழ் கற்றுக்கொண்டவர். நான் காசு கொடுத்ததைப் பார்த்துவிட்டு, "இது ரயில் கேட்டு, இதுக்கு ஏது காசு?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏனய்யா இப்படிச் செய்தீர் என்று கேட்டுக்காரரோடு சண்டை பிடிக்கப் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நீங்க சலாம் போட்டுக் குடுத்தீங்கண்ணே. வேணாம்னா மனசு நோகுமேன்னு வாங்கிக்கிட்டேன்."

பலகை படித்த கதை

அரிசி மில் மேஸ்திரி ஒருவரை ஏற்றிக்கொண்டு போனபோது ஓடையின் மரப் பாலம் ஒன்றின் முன்னால் பெரிய பலகை நட்டிருந்தது. "என்ன தம்பி போட்டிருக்கு?" என்றார். நான் கண்ணை இடுக்கிக்கொண்டு, வரிவரியாகத் தலையை நகர்த்தி, "மோட்டாருக்கு எட்டணா. மெள்ளப் போகணுமாம்" என்றேன். மெள்ளத்தான் போனேன். பாதிப் பாலத்தில் ஒரு பலகை சரக்கென்று உள்வாங்கி முன்சக்கரம் இறங்கிவிட்டது. பாலம் ரிப்பேர், மோட்டார் போகக் கூடாது என்பதுதான் அங்கே எழுதியிருந்ததாம்.

மேஸ்திரி வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையாகக் கால் வைத்துத் திரும்பி நடந்தார். ஆறு பேர் பிடித்து வண்டியைப் பின்னால் இழுத்தார்கள். மரைக்காயரிடம் சொல்லிவிடுவாரோ என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல மனுஷன், சொல்லவில்லை. ஆனால் பாலத்துக் காவல்காரர் எல்லார் முன்னாலும் இந்துஸ்தானியில் கேட்டதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை: "ரெண்டு பாஷையில எழுதி வெச்சிருக்கோம். உனக்கு எந்த பாஷையில எழுதணும், சொல்லு, எழுதறோம்."

ஆயுத பூஜை

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்டாண்டில் இருந்த தமிழ் டிரைவர்கள் எல்லாம் வண்டியைக் கழுவி மாலை போட்டோம். ஸ்டியரிங்குக்குச் சந்தனம், விளக்குக்குச் சந்தனம், ஸ்பானருக்குச் சந்தனம். நமக்குச் சோறு போடுவதில் பாஸும் ஒன்றல்லவா? ஊர் எல்லை தாண்டும் பாஸை எடுத்து, நடுவில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். மறுநாள் எடுத்துத் துடைத்தால் மசியும் சேர்ந்து வந்துவிட்டது. போனது வண்டி நம்பரும், எந்தத் தேதிவரை செல்லும் என்ற வரியும்.

கோ பாத்தின்தான் தாளைப் பார்த்துச் சொன்னார், நகல் வாங்கிவிடு என்று. நகலுக்கு முதலாளி கையெழுத்து வேண்டும். மரைக்காயர் கையில் இந்தத் தாள் போனால் என்ன ஆகும்? சுற்றிலும் அத்தனை வெற்றிடம் இருக்க, நம்பர் மேலேயும் தேதி மேலேயும் எழுத்துத் தெரிந்த எவனாவது பொட்டு வைப்பானா? அடுத்த நிமிஷம் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அப்புறம் பார்க்கலாம் என்று மழுப்பினேன். கோ பாத்தின் விடவில்லை: "உங்க சாமிக்குப் பொட்டு வெக்க வேற எடமே கெடைக்கலியா, சுப்பையா?"

மா மியாவின் அப்பா

இனிமேல் சொல்வதில் சிரிக்க ஒன்றுமில்லை. ரங்கூனில் நான் குடியிருந்த பசுந்தாங் பேட்டையில், என் அறைக்குப் பக்கத்து வீட்டில் மாரிமுத்து என்று துறைமுகத்தில் வேலை பார்த்தவர் இருந்தார். அவர் சம்சாரம் மா மியா, பர்மாக்காரப் பெண். எங்களோடு தமிழில்தான் பேசும். பூஜை முடிந்த நாலாம் நாள் காலையில், பெகு பக்கத்துக் கிராமத்தில் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, மகளைக் கேட்கிறார் என்று ஆள் வந்தது. மாரிமுத்துவுக்குக் கப்பலை விட்டு வர வழியில்லை. "நீ கூட்டிட்டுப் போயிடு, சுப்பையா. உன்னை நம்பித்தான் அனுப்பறேன்" என்றார்.

எல்லைச் சாவடியில் எழுத்தர் பாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குங்குமம்தான் தெரிந்தது. அவரும் நல்லவர்தான், சண்டை போடவில்லை. அச்சடித்த பாரம் ஒன்றை நீட்டி, "வண்டி நம்பர், உன் பேர், போற ஊர், காரணம். எழுதிக் குடு, இன்னைக்கு மட்டும் விடறேன்" என்று இந்துஸ்தானியில் சொன்னார். பேனாவையும் கொடுத்தார். எனக்கு எழுதத் தெரியாது, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியதுதானே? பின்னால் மாரிமுத்து சம்சாரம் உட்கார்ந்திருக்கிறது, அது புருஷனிடம் சொல்லும், அவர் ஸ்டாண்டில் சொல்வார், மரைக்காயர் காதுக்குப் போகும் என்று அந்த நேரத்தில் கணக்குப் போட்டது இந்தப் பாழாய்ப்போன புத்தி. பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டிக்கு வந்தேன். "இந்த வழி இன்னைக்கு விட மாட்டாங்களாம்மா. மாட்டு வண்டித் தடத்துல சுத்திப் போயிடலாம்" என்றேன். அந்தப் பெண் என்னை நம்பித் தலையசைத்தது.

மழை விட்டுப் பத்து நாள்கூட ஆகாத தடம். இரண்டு இடத்தில் சக்கரம் புதைந்தது. மா மியா இறங்கிச் சேற்றில் நின்று, லுங்கியைச் செருகிக்கொண்டு என்னோடு சேர்ந்து தள்ளியது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிப் பொழுது சாய்ந்துவிட்டது. வாசலிலேயே அண்ணன்காரர் நின்றார். பர்மா பாஷையில் அவர் சொன்னது எனக்கே புரிந்தது: "இப்பத்தான். கொஞ்சம் முன்னாடிவரைக்கும் மா மியா வந்தாச்சா, வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தார்."

மறுபடியும் அந்தச் சாவடி

ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சோறு படைத்து முடித்ததும் மா மியாவைக் கூட்டிவரப் போனேன். போகும்போது கோழை மாதிரி அதே சேற்றுத் தடத்தில்தான் போனேன். திரும்பும்போது அந்தப் பெண், "உடம்பு தாங்காதுண்ணே, நேர் ரோட்டுலயே போங்க" என்றது. வண்டியை நேர் ரோட்டுக்குத் திருப்பினேன்.

சாவடியில் அதே எழுத்தர், இந்தத் தடவை வண்டிக்கே வந்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "அன்னைக்குப் பாரத்தை எழுதிக் குடுக்காம ஏன் திரும்பிப் போனே? விடறேன்னுதானே சொன்னேன்?" என்று கேட்டுக்கொண்டே அதே மாதிரி பாரம் ஒன்றை நீட்டினார். நான் வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். பின் சீட்டிலிருந்து ஒரு கை வந்தது. மா மியா பாரத்தை வாங்கி, மடியில் வைத்து, பேனாவைக் கேட்டு வாங்கி எழுதியது. வண்டி நம்பரை மட்டும் என்னிடம் கேட்டது. நாலு வரி. கட்டை மேலே ஏறிற்று.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. வெகு தூரம் வந்த பிறகு, கோபமே இல்லாத குரலில் அந்தப் பெண் சொன்னது: "நான் மிஷன் பள்ளிக்கூடத்துல அஞ்சு வருஷம் படிச்சிருக்கேண்ணே. அன்னைக்கும் பின்னாலதான உக்காந்திருந்தேன்."

அன்று சாயங்காலமே மரைக்காயரிடம் போய் உண்மையைச் சொன்னேன், அவரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. இப்போதெல்லாம் யார் எந்தத் தாளை நீட்டினாலும் "படிக்கத் தெரியாதுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதற்கு அரை நிமிஷம்கூட ஆவதில்லை.