கையெழுத்துப் போட்டி

எட்டாம் வகுப்பில் என் கையெழுத்துக்குப் பள்ளிக்கூடம் முழுக்கப் பேர். அண்ணனுடையது கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் முந்திரிக்காட்டில் கூலி உயர்வு கேட்டு அவன் ஒட்டும் தாள்களை என்னிடம்தான் எழுதி வாங்குவான். போலீஸ் அவனைத் தீவிரவாதி என்று தேட ஆரம்பித்ததும் தலைமறைவானான். நான் எழுதிய தாள் ஒன்று உடையார்பாளையம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அப்படியே இருந்தது.

அந்த வாரம் தமிழ் வாத்தியார் திடீரென்று கையெழுத்துப் போட்டி வைத்தார். எங்கள் வகுப்புக்கு மட்டும். "நிறுத்தி நிதானமா எழுதுங்க, மொதல் பரிசு பேனா" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். கூலி, உழைப்பு, காடு என்றே வார்த்தைகள் வந்தன. மடச்சி, எனக்கு உறைக்கவில்லை. என்றைக்கும் இல்லாத அழகாக எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் ஜீப் வந்தது. வாத்தியார்தான் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "போயிட்டு வாம்மா, ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

ஸ்டேஷனில் இரண்டு நாள் பெஞ்சிலேயே வைத்திருந்தார்கள். பதிமூன்று வயது எனக்கு. அப்பா வந்து கூட்டிப்போவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அடிக்கவில்லைதான், பன்னும் டீயும்கூட வாங்கிக் கொடுத்தார்கள். "எடத்தச் சொல்லு பாப்பா. ரெண்டு கேள்வி கேட்டுட்டு அண்ணன ஒங்கூடவே அனுப்பிடறோம்" என்று ஓர் அதிகாரி மகளிடம் பேசுவது போலப் பேசினார். நம்பினேன். அத்தையின் தோப்பிலுள்ள மோட்டார் கொட்டகையைச் சொன்னேன். சாயங்காலம் அண்ணனை இழுத்துவந்தார்கள். அவனால் காலை ஊன்ற முடியவில்லை. என்னைப் பார்த்ததும், "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டான். அவனை உள்ளே தள்ளிவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். புதுச் சட்டமாம், ஜாமீனே கிடையாதாம்.

அடுத்த வாரம் வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளையின் படிப்பு கெட்டுவிடக் கூடாது என்று உருகினார். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான். அப்பா தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் போனதும், "இந்தாளுதாம்ப்பா என்னையக் காட்டிக்குடுத்தது" என்று கத்தினேன்.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியும். எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் போட்டி வெச்சாரு. இல்லேன்னா அம்மாவத் தூக்கிட்டுப் போவோம்னு போலீசுல சொன்னாங்க. சின்னப் புள்ளைய அடிக்க மாட்டாங்கன்னு வாத்தியாரு சொன்னாரு. சரின்னுட்டேன்."

அதற்குப் பிறகு அப்பா என்று கூப்பிட எனக்கு வாய் வரவேயில்லை.